ஹனோயில் ஓர் எழவு வீடு

என் கணவர் வியட்நாமைத் தேர்ந்தெடுத்தது கோபத்தில். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. கொஞ்சம் தையல் மிஷின், ஒரு கட்டிங் டேபிள், வாசலில் ஒரு நாய். மாதத்தில் பாதி நாள் ஆர்டர் வரும். மீதி நாள் ஆர்டர் வருமென்ற நம்பிக்கை வரும். கைக்கு வந்த ஆர்டர் நழுவிப் போகும்போதெல்லாம் அவர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "வியட்நாம்காரன் கொத்திட்டுப் போயிட்டான்." மழை பொய்த்ததற்கும் அவர் ஒரு தடவை அந்த நாட்டைத் திட்டியதாக எனக்கு ஞாபகம்.

மகள் ப்ளஸ் டூ பரீட்சை எழுதி முடித்த விடுமுறையில் எங்காவது வெளிநாடு போவது என்று பேச்சு வந்தபோது, மகள் சிங்கப்பூர் என்றாள், நான் இலங்கை என்றேன். அவர், "நம்ம சோத்துல மண்ணப் போட்டவன் ஊரு எப்படித்தான் இருக்குதுன்னு ஒருக்காப் பாத்துப்போட்டு வந்தரலாம்" என்றார். டிக்கெட்டும் அங்கேதான் மலிவு. ஆக வியட்நாம்.

கூடவே என் கணவரின் அக்காவும் வந்தார். நான் அவரை நங்கையா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கம் நாத்தனாருக்கு அதுதான் பேர். குன்னத்தூரில் இரண்டு மாடு வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறார். நங்கையாவுக்கு டி.வி. சீரியல் பிடிக்காது, கோயில் டூர் பிடிக்காது. அவருடைய ஒரே பொழுதுபோக்கு எழவு வீடுகளுக்குப் போவது. சுற்றுவட்டாரத்தில் எங்கே சங்கு ஊதினாலும் கிளம்பிவிடுவார். அதற்கென்றே சாயம் போன ஒரு சேலை கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். திரும்பி வந்து குளித்துவிட்டு எனக்குப் போன் பண்ணி விமர்சனம் சொல்லுவார். "பந்தலு பெருசுதான். ஆனா மருமகளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீரு வரோணுமே? போனையே பாத்துட்டு உக்காந்திருக்கறா." சினிமா பார்த்துவிட்டு வருகிறவர்கள்கூட இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல மாட்டார்கள்.

அவருக்கு வெளிநாடு பார்க்கும் ஆசையெல்லாம் இல்லை. தம்பி கூப்பிட்டான், மாட்டைப் பார்த்துக்கொள்ள பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள், வந்துவிட்டார்.

ஈரோடு, சேலம் பக்கத்துக் குடும்பங்களோடு சேர்ந்த குரூப் டூர் அது. ஹனோய் போய் இறங்கியதிலிருந்து வேளாவேளைக்கு ஓர் இந்தியன் ஓட்டலுக்குக் கூட்டிப்போய் ஒரே பன்னீரை வேறு வேறு கலரில் போட்டார்கள். நங்கையா அதையும் தொடவில்லை. வியட்நாமில் பாம்பு தின்பார்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். தயிரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். கொண்டுவந்த முறுக்கை வைத்தே நாளை ஓட்டினார்.

என் கணவரோ ஏரியைப் பார்க்கவில்லை, கோபுரத்தைப் பார்க்கவில்லை. எதிரில் வருகிறவர்களின் டீசர்ட்டைப் பார்த்தார். கடை கடையாக ஏறி, தொங்குகிற துணியை உள்பக்கம் புரட்டி, விரலிடுக்கில் தேய்த்து, தையலைக் கண்ணுக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "ம்க்கும்" என்று வைத்துவிடுவார். கடைக்காரப் பெண்கள் பின்னாலேயே ஓடிவந்து அதை மறுபடியும் மடித்து வைப்பார்கள். ஒரு முறை சிக்னலில் நின்றிருந்த ஒருவரின் கழுத்துப் பட்டியை நோக்கிக் கை போனது. மகள் பிடித்து இழுத்துவிட்டாள்.

"அப்பா, போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவாங்க."

"ரிப் எப்படிப் போட்டிருக்கான்னு பாத்தேன் கண்ணு."

மூன்றாம் நாள் மத்தியானம், பழைய நகரத் தெருக்களில் கைடு எங்களை இறக்கிவிட்டார். கடைகளைச் சுற்றிவிட்டு ஏரிக்கரைக்கு வந்து பஸ் ஏறச் சொன்னார். என் கணவர் துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் குரூப் முன்னால் போய்விட்டது. நாங்கள் நாலு பேரும் ஏதோ ஒரு சந்துக்குள் புகுந்து இன்னொரு சந்தில் வெளிவந்தோம். வெயிலா, வேர்வையா, இரண்டும் சேர்ந்த அவியலா என்று சொல்ல முடியாத ஒரு புழுக்கம். நங்கையாவின் முழங்கால் தகராறு பண்ண ஆரம்பித்தது.

"இனி ஒரு எட்டு எடுத்து வெக்க மாட்டேன். எங்கியாவது உக்காரோணும்" என்றார்.

அப்போதுதான் அந்தப் பந்தல் கண்ணில் பட்டது. சந்தில் பாதியை மறித்துத் தகரக் காலில் துணிப்பந்தல், அடியில் பிளாஸ்டிக் ஸ்டூல்கள், குட்டை மேசைகள், மேசைக்கு மேசை டீ. நாலைந்து ஆட்கள் உட்கார்ந்து சாவகாசமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டீக்கடைங்க" என்றேன். போய் உட்கார்ந்தோம்.

ஓர் இளம்பெண் வந்து, கேட்காமலேயே குட்டிக் கோப்பைகளில் பச்சை டீ ஊற்றினாள். தட்டில் சூரியகாந்தி விதை கொண்டுவந்து வைத்தாள். இவர் பர்ஸை எடுத்து நீட்டினார். அவள் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் என்றுவிட்டுப் போனாள். "நல்ல கடையா இருக்குது" என்று இவர் இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டார். நங்கையா விதையைப் பல்லில் வைத்து உடைத்து, "சாப்பிடலாம், பாம்பு இல்ல" என்றார்.

இரண்டாவது கோப்பை பாதியில் இருக்கும்போது உள்ளேயிருந்து ஒரு மேளம் அடித்தது. அதைத் தொடர்ந்து நாதஸ்வரம் மாதிரி, ஆனால் அதைவிடக் கீச்சென்று, ஒரு குழல் அழுதது. மகள் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா. இது டீக்கடை இல்லம்மா."

நான் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். வீட்டு வாசலில் வரிசையாக மலர் வளையங்கள். உள்ளே போகிறவர்கள் வருகிறவர்கள் தலையிலெல்லாம் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கூடத்தில் ஊதுபத்திப் புகைக்கு நடுவே ஒரு பெரியவரின் போட்டோ. கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரோ ஜோக் சொன்ன மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பெட்டி.

இவர் வாயிலிருந்த விதையைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், "மெதுவா எந்திரிச்சு அப்படியே நடையக் கட்டலாம்" என்றார்.

நங்கையா நகரவில்லை. அவர் முகத்தில், வெளிநாட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக, ஒரு தெளிச்சி தெரிந்தது. தெரிந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர் முகம்.

"உக்காருடா. எழவு ஊட்டுல தண்ணி குடிச்சுப்போட்டு ஒரு வார்த்தை கேக்காமப் போறதாக்கும்? என்ன மனுசன்டா நீ?"

"அக்கா, அவிக யாரு, நாம யாரு? பாஷை தெரியுமா உனக்கு?"

"செத்துப்போயிட்டாருன்னு தெரியுதல்லோ. அதுக்கு மேல என்ன தெரியோணும்?"

முழங்கால் வலி எங்கே போனதோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நடந்தார். அவருக்குப் பின்னால் நாங்கள் மூவரும், பள்ளிக்கூடத்தில் தப்புப் பண்ணிய பிள்ளைகள் மாதிரி.

வாசலில் நின்றிருந்த பெரியவரின் மகன் எங்களைப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். தனக்குத் தெரியாமல் அப்பாவுக்கு இந்தியாவில் நண்பர்கள் இருந்தார்களா என்ற சந்தேகம் அவர் கண்ணில் ஓடியது. ஆனாலும் தலை குனிந்து வணங்கி, நாலு ஊதுபத்தியைப் பற்றவைத்து எங்கள் கையில் கொடுத்தார். முன்னால் நின்றவர் செய்ததைப் பார்த்து நாங்களும் செய்தோம். இவர் பத்தியை மூன்று சுற்றுச் சுற்றிச் சாமிக்குக் காட்டுவதுபோல் காட்டிவிட்டுத்தான் நட்டார்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் பெரியவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். சின்ன உருவம், சுருங்கிய முகம். அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நங்கையா நேராகப் போய் அந்த அம்மாளின் காலடியில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு என் மகளிடம் திரும்பினார்.

"கண்ணு, பெரியவரு என்ன வேலை பாத்தாருன்னு உன்ற போன்ல கேளு."

"அத்தை, இதையெல்லாம் போய்..."

"கேளுன்னா கேளு. தெரியாம எப்படி அழுகறது?"

மகள் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து தட்டினாள். போன் வியட்நாமிய மொழியில் ஏதோ சொன்னது. மகன் அதைக் குனிந்து கேட்டு, பதில் சொன்னார். போன் சுத்தத் தமிழில் அறிவித்தது: "எங்கள் தந்தை மிதிவண்டிகளைக் குணப்படுத்தினார்."

"சைக்கிள் கடை அக்கா" என்றார் இவர்.

அவ்வளவு போதும் நங்கையாவுக்கு. முந்தானையை முகத்தில் போட்டார், எடுத்தார், குரலைத் தூக்கினார்.

"ஊருச் சக்கரமெல்லாம் ஓட்டிவிட்ட எஞ்சாமீ... உன்ற சக்கரம் நின்னுபோச்சா எஞ்சாமீ..."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வெளிநாட்டில், முன்பின் தெரியாத வீட்டில், இந்த ஒப்பாரி. வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குழல் ஊதுகிறவர் ஊதுவதை நிறுத்திவிட்டு, வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். நங்கையா பஞ்சர் ஒட்டிய கையைப் பாடினார், காற்றடித்த தோளைப் பாடினார். இரண்டு மூன்று அடி கேட்ட பிறகு அந்த மனுசர் மெல்லக் குழலை எடுத்து, நங்கையாவின் குரலுக்குக் கீழே, தொட்டும் தொடாமலும் ஊத ஆரம்பித்தார். மேளக்காரரும் சேர்ந்துகொண்டார். ஒத்திகை பார்த்தவர்கள் மாதிரிப் போனது.

சைக்கிளிலிருந்து எப்போது டிராக்டருக்கு மாறினார் என்று நான் கவனிக்கவில்லை. மகள்தான் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நங்கையா இப்போது டிராக்டரைப் பாடிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்திவிட்டு மோர் கேட்கும் குரலைப் பாடினார். "என்ற மாமா, என்ற மாமா" என்றார். அந்தப் பெரியவர் டிராக்டர் ஓட்டியவர் இல்லை. ஓட்டியது நங்கையாவின் கணவர்.

அவர் கொரோனாவில் போனவர். ஆஸ்பத்திரியிலிருந்து பிளாஸ்டிக்கில் சுற்றி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நங்கையாவைப் பக்கத்தில் விடவில்லை. பந்தல் இல்லை, சங்கு இல்லை, ஒரு சனம் வரவில்லை. அத்தனை ஊர் எழவுக்கும் போன மனுசியின் வாசலுக்கு வந்தவர்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மட்டும். அவர்களும் ரோட்டுக்கு அந்தப்பக்கமே நின்றுவிட்டுப் போனார்கள். எங்களுக்கு ஈ-பாஸ் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது நங்கையா மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஈரமே இல்லை. நான் கேட்டதற்கு, "அழுகறதுக்கு ஆளு வேணுமல்லோ" என்றார்.

இங்கே ஆள் இருந்தது. அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து சரிந்து இறங்கி, நங்கையாவின் தோளில் முகத்தை வைத்து விம்ம ஆரம்பித்தார். மகன்களும் மருமகள்களும் பதறி ஓடிவந்தார்கள். மூத்த மருமகள் மட்டும் கை காட்டி அவர்களைத் தடுத்தாள். போனில் அவள் சொன்னது: "அம்மா இரண்டு நாட்களாக அழவில்லை. பயந்தோம்." என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புகை என்றார்.

அழுது முடித்த பிறகு இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தார்கள். அந்த அம்மாள் நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. நங்கையா வாயைப் பிளந்துவிட்டார். ஏர்போர்ட்டில் பிடித்துவிடுவார்கள் என்று மகள் அவருடைய வெற்றிலையைக் கோயம்புத்தூரிலேயே குப்பையில் போட்டிருந்தாள். இரண்டு பேரும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மென்றார்கள். அப்புறம் பேசவும் ஆரம்பித்தார்கள். நங்கையா தமிழில் பேசினார், அந்த அம்மாள் தன் மொழியில் பேசினார். மகள் போனை நீட்டினாள். நங்கையா அதைத் தட்டிவிட்டார்.

நான் என் கணவரைத் தேடினேன். வெளியே பந்தலில், செத்தவரின் தம்பி மகன் ஒருவரோடு உட்கார்ந்திருந்தார். எதிர்பார்த்தபடியே அந்த ஆளின் சட்டைக் கையைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த ஆள் கோபப்படவில்லை. பதிலுக்கு அவரும் என் கணவருடைய டீசர்ட்டின் கீழ் மடிப்பைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பனியன் கம்பெனிக்காரர். பக்கத்து ஊரில் ஏதோ ஃபாக்டரியில் சூப்பர்வைசர்.

தையலைத் தொட்டுக் காட்டி, "ஓவர்லாக்?" என்றார் இவர்.

"ஓவர்லாக்!" என்றார் அவர்.

"ஃப்ளாட்லாக்?"

"ஃப்ளாட்லாக், ஃப்ளாட்லாக்!"

"பையர்?"

ஆர்டர் கொடுக்கிறவன் பேச்சு வந்ததும் அந்த ஆள் முகத்தை வேப்பங்காய் கடித்த மாதிரி வைத்துக்கொண்டார். இவரும் அப்படியே வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு இவர் குரலைத் தணித்து, மனதில் பல வருசமாகக் கிடந்ததைக் கேட்டார்.

"ஆர்டர்? வியட்நாம், ஆர்டர் ஃபுல்?"

அந்த ஆள் கையை விரித்தார். "நோ ஆர்டர்" என்றார். கிழக்கா மேற்கா என்று தெரியாமல் ஒரு திசையைக் காட்டி, அத்தனை கசப்போடு சொன்னார்: "பங்களாதேஷ்."

என் கணவர் அந்த மனுசனைக் கட்டிக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். கல்யாண நாளன்றுகூட என்னை அப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

நாங்கள் கிளம்பப் பார்த்தபோது சாப்பாடு வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு எந்த மொழியிலும் தெரியவில்லை. தட்டில் ஒட்டுகிற மாதிரிச் சோறு, மஞ்சளாக ஏதோ கலந்து. நங்கையா ஒரு விரலில் எடுத்து நாக்கில் வைத்தார்.

"பச்சைப்பயித்தம்பருப்பும் அரிசியுமல்லோ இது!" என்றார். "அரிசிம்பருப்பு சாதம்டா தம்பி. வெங்காயந்தான் தாளிக்கல, வேற ஒண்ணுமில்ல." இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும் சொல்கிறேன், அந்தப் பயணம் முழுக்க நாங்கள் வயிறாரச் சாப்பிட்டது அந்த எழவு வீட்டில்தான்.

கிளம்பும்முன் மகன் எங்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டார். அங்கே அது வழக்கம் போலிருக்கிறது. வந்தவர்கள் நிறையப் பேர் எடுத்துக்கொண்டார்கள். பெரியவரின் படத்துக்கு இரண்டு பக்கமும் அவர்கள் குடும்பமும் எங்கள் குடும்பமும் நின்றோம். சிரிப்பதா வேண்டாமா என்று எங்களுக்குக் குழப்பம். பெரியவர் மட்டும் சிரித்தார்.

பிறகு நங்கையா அந்த அம்மாளின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி விறுவிறுவென்று நடந்துவிட்டார். நாங்களும் அப்படியே நடந்தோம். சந்தின் முனையில் பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். அந்த மகன், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முகத்தில் கவலை. போனில் கேட்டார்: "நாங்கள் ஏதாவது தவறு செய்துவிட்டோமா? ஏன் விடைபெறவில்லை?"

மகள் தட்டினாள். எங்கள் ஊரில் சாவு வீட்டிலிருந்து போகும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது, மறுபடியும் இந்தக் காரியத்துக்கு வரவேண்டி வந்துவிடும், அதனால் சொல்லாமல்தான் போவோம். அவர் அதை நின்று நிதானமாகப் படித்தார். பழத்தை என் கையில் கொடுத்தார். வணங்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார். நங்கையா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "புரிஞ்சுக்கிட்டான். நல்ல ஊட்டுப் பையன்" என்றார்.

தொல்லை பஸ்ஸில்தான். எங்கே போனீர்கள் என்று கைடு கேட்டார். இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் உள்ளதைச் சொல்லிவிட்டார். ஈரோட்டு அம்மா ஒருவர் சேலையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஏனுங்க, எழவு ஊட்டுக்குப் போயிட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்தாம இப்படியே வண்டியில ஏறுனா எப்படீங்க? இதுல நாம மாட்டுன சாமி படம் வேற இருக்குதுங்க."

"அவங்க சொல்றது நாயந்தான்" என்றார் நங்கையா. அவருக்கு எழவு வீட்டுச் சட்டத்தில் விட்டுக்கொடுக்கிற பழக்கமில்லை. எங்களை இறக்கி ஏரிக்கரையில் வரிசையாக நிறுத்தி, பஸ்ஸில் இருந்த தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து எல்லோர் தலையிலும் ஊற்றினார். கடைசியாகத் தன் தலையிலும் ஊற்றிக்கொண்டார். எங்களுக்கு வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து வழியில் போன ஒரு வியட்நாம்காரரும் ஓடிவந்து ஒரு பாட்டில் ஊற்றிவிட்டுப் போனார். சொட்டச் சொட்ட ஏ.சி. பஸ்ஸில் உட்கார்ந்ததில் நாலு பேருக்கும் சளி பிடித்துக்கொண்டது. அடுத்துப் போன கடலையும் குகையையும் நான் கர்ச்சீப் வழியாகத்தான் பார்த்தேன். அங்கே எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் எங்களில் யாராவது ஒருவர் தும்மிக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் நாலு பேரும் கண்ணைத் திறந்துகொண்டு, ஒழுங்காக நிற்கும் படம் அந்த எழவு வீட்டுப் படம் ஒன்றுதான். அதை ஸ்டேட்டஸில் போட முடியாது என்று மகள் அடம் பிடித்தாள். இவர் காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டில் தெரிந்த வியாபாரிகளுக்கெல்லாம் போனில் காட்டி, "பாவங்க, அவிங்களுக்கும் ஆர்டரு இல்லீங்க. நம்மளாட்டத்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போதெல்லாம் ஆர்டர் போனால் பங்களாதேஷைத் திட்டுகிறார். அடுத்த வருசம் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறார்.

நங்கையா அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார். ஃப்ரேம் போட்டு, குன்னத்தூர் வீட்டுக் கூடத்தில் டி.வி.க்கு மேலே மாட்டிவிட்டார். அடுத்தவர் வீட்டுச் சாவைக் கூடத்தில் மாட்டலாமா என்று நான் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "சாவுல என்ன அடுத்த ஊடு" என்று முடித்துவிட்டார்.

போன வாரம் நான் அங்கே இருக்கும்போது பால் சொசைட்டிக்காரர் வந்தார். கேனை இறக்கி வைத்துவிட்டு, படத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, நடுவுல சிரிச்சுட்டு இருக்கறவரு ஆருங்க? சீனாக்காரராட்ட இருக்காரு?"

"சீனாவாமா, சீனா!" என்று நங்கையா அடுக்களையிலிருந்தே கத்தினார். "வியட்நாமு. சைக்கிள் கடை வெச்சிருந்தாரு. தங்கமான மனுசன். பால ஒழுங்கா அளந்து ஊத்திட்டுப் போப்பா."